பெயருக்கு ஒரு வேடிக்கைப் பொருள்

கேள்வி: குடும்ப விழாவில் உறவினர்களின் பெயர்களுக்கு அகராதி பாணியில் வேடிக்கையாகப் பொருள் எழுதி வாசிக்க விரும்புகிறேன். எழுதியவற்றில் பாதி புகழுரையாகவும் மீதி குத்தலாகவும் அமைந்துவிட்டன. எப்படி எழுதுவது?

பதில்: பெயரின் உண்மைப் பொருளிலிருந்து தொடங்கினால் புகழுரைதான் வரும். ஆகவே பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, அதன் ஒலியிலிருந்து தொடங்குங்கள். சொல்லைப் பிரிக்காமலே இரு பொருள் தருவதைச் செம்மொழிச் சிலேடை என்றும், பிரித்தால் வேறு பொருள் தருவதைப் பிரிமொழிச் சிலேடை என்றும் தண்டியலங்காரம் வகுத்திருக்கிறது; நம் பெயர்கள் இரண்டுக்கும் தாராளமாக இடம் தருகின்றன. 'கீதா: கதவைப் பூட்டும் நேரத்தில் எல்லோர் முன்னும் கைநீட்டுபவர்' என்பது பிரித்ததால் கிடைத்தது.

தங்கராசு என்ற பெயருக்கு, 'போன வீட்டிலெல்லாம் தங்கிவிடும் ராசா' என்று எழுதத்தான் முதலில் கை போகும். ஆனால் அதில் சிலேடையை நாமே அவிழ்த்துக் காட்டிவிடுகிறோம். கேட்பவர் கண்டுபிடிக்க எதுவும் மிஞ்சுவதில்லை. 'தங்கராசு: சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தேன் என்பார், பையில் மாற்றுத்துணி இருக்கும்' என்று எழுதிப் பாருங்கள். 'தங்க' என்ற சொல் அவையினர் மனத்தில் தானாகவே விழும், சிரிப்பும் அந்த நொடியில்தான் எழும்.

குத்தல் வருவதற்குக் காரணம் பெரும்பாலும் நாம் தேர்ந்தெடுக்கும் குணமே. நிறம், உடல்வாகு, வருமானம், திருமணம், குழந்தை ஆகியவற்றை அறவே தொடாதீர்கள். அவரே பலமுறை சொல்லிச் சிரித்திருக்கும் பழக்கம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஐயம் இருந்தால், அவருக்கு மிக நெருங்கிய ஒருவரிடம் முன்கூட்டியே படித்துக் காட்டுங்கள். அவர் சிரிப்பதற்கு முன் சற்றுத் தயங்கினாலும் அந்த வரியை நீக்கிவிடுவதே நல்லது.

கேள்வி: சில பெயர்களை எப்படிப் பிரித்தாலும் ஒன்றும் கிடைப்பதில்லையே?

பதில்: வலிந்து பிரிக்க வேண்டாம், அகராதியின் நடையே அங்கே கைகொடுக்கும். பெயரை வினைச்சொல்லாகவோ அளவையாகவோ மாற்றிவிடலாம். 'ரமேஷ்: கால அளவை. ஒரு ரமேஷ் என்பது, ஐந்து நிமிடம் என்று தொலைபேசியில் சொல்லப்படும் முக்கால் மணி நேரம். எடுத்துக்காட்டு: பந்தலுக்கு ஆள் வர இன்னும் இரண்டு ரமேஷ் ஆகும்.' இத்தகைய பதிவுக்கு எடுத்துக்காட்டு வாக்கியம்தான் உயிர். அதை மட்டும் சுருக்கிவிடாதீர்கள்.