கடல்சிங்கத்துக்கும் காட் மீனுக்கும் என்ன தகராறு?

கேள்வி: அலாஸ்காவில் கடல்சிங்கத்துக்காகக் காட் மீன்பிடிப்பைக் கட்டுப்படுத்துகிறார்களாமே, மீனுக்கு அவ்வளவு பஞ்சமா?
– வாசகர், கோத்தகிரி

பதில்: மொத்த அளவைவிட இடமும் காலமும்தான் சிக்கல். குளிர்காலத்தில் காட் முட்டையிடக் கூட்டமாகச் சேரும். ஸ்டெல்லர் கடல்சிங்கத்துக்கு அதுதான் தீனி. இழுவலைக்காரருக்கும் அதுதான் வசதி. தோட்டம் முழுக்க ஒரே நாளில் கொழுந்து கிள்ளிவிட்டால் மறுநாள் வருபவருக்கு என்ன மிஞ்சும்? அதனால் ஆண்டு மீன்பிடி ஒதுக்கீட்டைப் பருவவாரியாகப் பிரிக்கிறார்கள். கடல்சிங்கம் குட்டி ஈனும் பல பாறைத்திட்டுகளைச் சுற்றி 3 கடல்மைலுக்குள் படகே நுழையக் கூடாது. இழுவலைக்குச் சில இடங்களில் 20 கடல்மைல் வரை தடை.

முட்டையிடும் மீன்வளம், மீன்பிடிப்பே இல்லாவிட்டால் இருந்திருக்கும் அளவில் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால், காட்டைக் (நம்மூர்க் காடு அல்ல!) குறிவைத்த பிடிப்பு மூடப்படும். அலாஸ்கா வளைகுடாவின் அமெரிக்க மத்திய அரசுக் கடற்பகுதியில் 2020-இல் அதுதான் நடந்தது. 2014–16 கடல் வெப்ப அலை மீனைக் கரைத்திருந்தது.