குளிர்கால ஆற்றில் ஸ்டீல்ஹெட்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஒலிம்பிக் தீபகற்பத்தின் ஹோ ஆற்றில் ஜனவரி மாதம் மூன்று நாட்கள் செயற்கை ஈ கட்டிய தூண்டிலை வீசினேன். கோடையில் டிரவுட் மீன் கிடைத்தது போன்ற துள்ளி ஓடும் நீரில்தான் வீசினேன். ஒரு ஸ்டீல்ஹெட் மீன்கூடத் தொடவில்லை. என் பிழை என்ன?

பதில்: மூன்று நாட்கள் வெறுங்கையுடன் திரும்புவது இந்த மீனைத் தேடுவோர் எல்லோருக்கும் நேர்வதுதான், ‘ஆயிரம் வீச்சுகளின் மீன்’ என்றே இதற்கு அங்கே ஒரு பெயர் உண்டு. ஆனாலும் நீங்கள் தேர்ந்த இடம் சரியில்லை என்றே நினைக்கிறேன். மீனின் உடல் வெப்பம் நீரின் வெப்பத்தோடு ஏறி இறங்குவது. 12 பாகை செல்சியஸில் இரையைத் துரத்திச் செல்லும் மீன், 4 பாகையில் தசைகள் மந்தமாகி, நீரோட்டத்தோடு மல்லுக்கட்டாமல் ஒதுங்கி நிற்கும். எனவே துள்ளுநீரை விட்டுவிட்டு, மனிதர் நிதானமாக நடக்கும் வேகத்தில் நீர் ஓடும் இடங்களைத் தேடுங்கள். மடு ஆழம் குறைந்து அகலும் அதன் கடைப்பகுதி, பெரும்பாறைகளின் பின்புறம், வேகநீரும் மெதுநீரும் உரசும் ஓரம் ஆகியவை ஆளுயர ஆழத்துக்குள் இருந்தால் மிக நல்ல இடங்கள்.

இன்னொன்றையும் மனத்தில் வைக்க வேண்டும். ஸ்டீல்ஹெட் என்பது ரெயின்போ டிரவுட் இனமேதான். கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்குத் திரும்பும் வகை. குளிர்காலத்தில், ஏறக்குறைய நவம்பர் முதல் ஏப்ரல் வரை, ஆறேறும் மீன்கள் முட்டையிடும் பருவத்தை நெருங்கியவை; கடலில் சேர்த்த கொழுப்பைக் கொண்டே பெரும்பாலும் வாழ்பவை. பசிக்காக அவை ஓடி வந்து கவ்வும் என்று எதிர்பார்க்க முடியாது. ஈதான் அவற்றின் முகத்தருகே, தாழ்வாகவும் மெதுவாகவும் போக வேண்டும்.

அதற்கு, மூழ்கும் முனை கொண்ட கயிற்றை ஆற்றின் குறுக்கே, சற்றுக் கீழ்நோக்கி வீசுங்கள். விழுந்தவுடன் கயிற்றின் வளைவை நீர் வரும் திசைப்பக்கம் தூக்கி வைத்தால், நீரோட்டம் அதை இழுப்பதற்கு முன் ஈ மூழ்க நேரம் கிடைக்கும். பிறகு கயிறு வில்லாக வளைந்து கரைப்பக்கம் வரும்வரை கோல்முனையால் அதைத் தொடர்ந்து, ஈ உங்களுக்கு நேர் கீழே வந்து நின்றதும் சில நொடிகள் அப்படியே விடுங்கள். பின்தொடர்ந்து வந்த மீன் பல நேரம் அங்கேதான் கவ்வும். கவ்வியதும் கோலை வெடுக்கென்று தூக்காதீர்கள். மீன் திரும்பி ஓடும்போது முள் தானே வாயோரத்தில் ஏறும். கவ்வவில்லையென்றால் இரண்டு அடி கீழே நகர்ந்து மறுபடி வீசுங்கள். ஒரே இடத்தில் நூறு முறை வீசுவதைவிட, மடு முழுவதையும் இப்படி ஒருமுறை பொறுமையாகத் துழாவுவது மேல்.

ஆற்றின் நிலையும் முக்கியம். ஹோ மழைக்காட்டில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி குளிர்காலத்தில். வெள்ளம் ஏறிக் கலங்கிய நாளில் வீசிப் பயனில்லை. வெள்ளம் வடிந்து, நீர் பச்சை நிறம் கொண்டு, முழங்கால் ஆழத்தில் உங்கள் பாதம் மங்கலாகத் தெரியத் தொடங்கும் நாளுக்காக நான் எத்தனை நாளும் காத்திருப்பேன்.

கேள்வி: குளிர்காலத்தில் டிரவுட் பிடிக்கவும் விடியற்காலையிலேயே போக வேண்டுமா?

பதில்: வேண்டாம். முற்பகல் 11 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை போதும். வெயில் பட்டு நீர் ஒரு பாகை ஏறினாலும் டிரவுட் அசைந்து கொடுக்கும். கொசு போன்ற மிட்ஜ் பூச்சிகள் நீரிலிருந்து வெளிவருவதும் அந்த நேரத்தில்தான். ஆகவே மிகச் சிறிய ஈக்களைக் கட்டுங்கள். பையில் ஒரு வெப்பமானி இருக்கட்டும். கோலின் வளையங்களில் பனி உறைந்தால் கோலை நீரில் முக்கிக் கரையுங்கள். விரலால் உடைத்தால் வளையமே ஒடியக்கூடும்.

கேள்வி: பிடித்த மீனைக் கையில் ஏந்திப் படம் எடுத்துவிட்டு ஆற்றில் விடலாமா?

பதில்: கூடாது என்பதே என் உறுதியான கருத்து. உறைபனிக் காற்றில் தூக்கினால் மீனின் மென்மையான செவுள்கள் உறைந்து சேதமாகலாம். முதுகின் பின்பகுதியில் உள்ள சிறிய கொழுப்புத் துடுப்பு முழுமையாக இருந்தால் அதைக் காட்டு மீனாகக் கொண்டு விட்டுவிட வேண்டும். வளர்ப்புப் பண்ணை மீன்களுக்கு அந்தத் துடுப்பை வெட்டியே ஆற்றில் விடுகிறார்கள். விடவேண்டிய காட்டு ஸ்டீல்ஹெட்டை நீரிலிருந்து முழுவதுமாக வெளியே எடுப்பதை வாஷிங்டன் விதிகளே தடுக்கின்றன. அதே மாநிலத்தின் பியூஜெட் சவுண்ட் கடற்கழிப் பகுதியின் ஸ்டீல்ஹெட் 2007-இல் அழியும் அபாயத்தை நெருங்கும் உயிர்களின் கூட்டரசுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பெரும்பாலான பசிபிக் சால்மன்கள் முட்டையிட்டதும் இறந்துவிடும்; ஸ்டீல்ஹெட் அப்படித் தவறாமல் இறந்துவிடுவதில்லை. சில மீண்டும் கடலுக்குப் போய், மறுமுறையும் முட்டையிட வருகின்றன. உங்கள் கையில் இருப்பது அப்படி ஒரு தாய்மீனாக இருக்கலாம்.

எதிர்முள் இல்லாத ஒற்றை முள்ளையே கட்டுங்கள். சரளைப் படுகையில் சுற்றுப்புறத்தைவிட வெளிறித் தெரியும் திட்டுகளில் கால் வைக்காதீர்கள். அவை முட்டைகள் புதைந்த இடங்களாக இருக்கலாம். விதிகள் பருவத்தின் நடுவிலும் மாறுவதால், கிளம்பும் நாளில் மாநில மீன், வனவிலங்குத் துறையின் அறிவிப்பைப் படித்துவிடுங்கள். மீனை விடும்போது, கையை நனைத்துக்கொண்டு, அதன் தலை நீரோட்டத்தை எதிர்நோக்கும்படி மெல்லப் பிடித்திருங்கள்; வாலை உதறி அதுவாகவே நழுவிப் போகும்வரை காத்திருங்கள்.