ஆடை ஒளிப்படத் திட்டம் செய்யும் மாணவர் ஒரு காட்சிப் பாணியை எவ்வாறு உருவாக்குவது?

ஒளி, நிறம், தூரம் ஆகியவற்றில் ஒரு தொகுப்பு முழுவதும் மாறாமல் கடைப்பிடிக்கும் தெரிவுகளே காட்சிப் பாணி எனப்படுகின்றன. இவை நிலையாக நிற்கும்போது படத்துக்குப் படம் மாறுவது ஆடை மட்டுமே என்பதால், பார்ப்பவரின் கண் தானாகவே துணியிடம் செல்கிறது. ஒரே பாரைமீன், ஒரே தேங்காய்ப்பால் என்றாலும், குழம்பை வாயில் வைத்தவுடன் அது அம்மம்மா வைத்தது என்று தெரிந்துவிடுகிறதே, அந்தக் கைப்பக்குவம் போன்றது இது.

திருகோணமலையில் படிப்பவர் ஒளியிலிருந்து தொடங்குவதே நல்லது என்பேன். அங்குள்ள உப்புவெளிக் கடற்கரையில் சூரியன் கடற்பக்கமாக எழுவதால், காலை 6.30 மணியளவில் தாழ்வான வெயில் பக்கவாட்டில் படும்படி மொடலை நிறுத்தினால், கைத்தறிச் சேலையின் இழைகள் ஒவ்வொன்றும் மெல்லிய நிழல் விழுத்துவதைக் காணலாம். நண்பகலிலோ கண்குழிகள் கறுத்துவிடும். கமராவின் வைட் பேலன்ஸை, அதாவது ஒளியின் நிறத்துக்கேற்பப் படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பை, தானியங்கியில் விடாமல் பகல் வெயிலுக்குரிய 5500 கெல்வினில் நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் ஒரே மஞ்சள் சேலை ஒரு படத்தில் மாம்பழமாகவும் அடுத்ததில் எலுமிச்சையாகவும் வரக்கூடும். தூரம் மாறாமலிருக்க, ஸூம் இல்லாத 50 மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்றே போதும். (கோணேசர் கோயில் மலை அழகான பின்னணிதான், ஆனால் அது ஆடையை விழுங்கிவிடும்.)

படம் எடுத்த பின் போடும் ஃபில்டரே பாணி என்று பலர் நினைக்கின்றனர். ஃபில்டர் நிறத்தை மாற்றுமே தவிர, வெயில் விழுந்த திசையை மாற்றாது.