கரடிகள் எல்லை தாண்டுமா?

அன்புள்ள ஐயா,

சிகாகோவுக்குப் பக்கத்தில் நேப்பர்வில்லில் குடும்பத்தோடு இருக்கிறேன். கிரிக்கெட் தவிர வேறெதையும் உட்கார்ந்து பார்த்தவனில்லை. பள்ளியில் படிக்கும் மகனால் இந்த வருடம் பேர்ஸ் (கரடிகள்) என்ற சிகாகோவின் அமெரிக்கக் கால்பந்து அணி மீதான பைத்தியம் எனக்கும் பிடித்துவிட்டது. நாக்அவுட் கட்டமான பிளேஆஃபில் க்ரீன் பே அணியை வென்ற இரவு, அதுவரை ஹலோவோடு நிறுத்திக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டிக் கட்டிப்பிடித்தார். அடுத்த வாரமே ராம்ஸ் அணியிடம் ஓவர்டைமில் தோற்றோம். மகன் இன்னும் சரியாகப் பேசவில்லை.

இப்போது அணி பக்கத்து மாநிலமான இண்டியானாவுக்குப் போய்விடும் என்கிறார்கள். இவ்வளவு நன்றாக ஆடுகிற, இவ்வளவு கூட்டம் வருகிற அணி ஏன் ஊரைவிட்டுப் போகவேண்டும்? அடுத்த சீசனும் ஜெயித்தால் இங்கேயே இருந்துவிடுவார்கள் என்று மகன் நம்புகிறான். ஜெயிப்பார்களா? போய்விட்டால் அதைச் சிகாகோ அணி என்று சொல்ல முடியுமா?

ரா., நேப்பர்வில்
ஜனவரி 2026

அன்புள்ள ரா.,

மகனுக்குப் பிடிக்காத செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேர்ஸ் ஆடும் லீகான என்எஃப்எல்லில் ஆட்டம் ஜெயிப்பதற்கும் அணி ஊரில் தங்குவதற்கும் சம்பந்தம் மிகக் குறைவு. தொலைக்காட்சி ஒப்பந்தப் பணத்தை 32 அணிகளும் சரிசமமாகப் பிரித்துக்கொள்கின்றன. கடைசியில் வந்தவனுக்கும் கோப்பை வென்றவனுக்கும் ஒரே தொகை. அது எவ்வளவு என்று நமக்குத் தெரிவதே க்ரீன் பே புண்ணியத்தில்தான். பொதுமக்களைப் பங்குதாரர்களாகக் கொண்ட ஒரே அணி அது, வருடாவருடம் கணக்கை வெளியிடுகிறார்கள். 2025 கோடையில் காட்டிய கணக்கின்படி லீகிலிருந்து வந்த பங்கு 43.26 கோடி டாலர். அந்த 2024 சீசனில் 17 ஆட்டங்களில் 12ஐத் தோற்ற பேர்ஸுக்கும் அதே பங்குதான்.

அப்படியானால் ஒரு முதலாளி இன்னொருவரைவிட அதிகம் சம்பாதிப்பது எங்கே? ஸ்டேடியத்தில்தான். சொகுசு அறைகள், பார்க்கிங், பீர், பெயர் சூட்டும் உரிமை, ஆட்டமில்லாத நாட்களின் இசை நிகழ்ச்சிகள், சுற்றிலும் எழும்பும் ஹோட்டல்கள், அபார்ட்மெண்டுகள். இந்த வருமானத்தில் பெரும்பகுதியை மற்ற அணிகளோடு பங்குபோட வேண்டியதில்லை. பேர்ஸுக்குக் கைக்கு எட்டாமல் இருப்பது இதுதான். அவர்கள் ஆடும் சோல்ஜர் ஃபீல்ட் மைதானம் அவர்களுடையது இல்லை, சிகாகோ பூங்கா வாரியத்துடையது. 1971இலிருந்து அங்கே வாடகைக்கு ஆடுகிறார்கள். வாடகை வீட்டில் எத்தனை காலம் குடியிருந்தாலும் மாடி எழுப்பி ஆள் வைக்க முடியாதில்லையா. அத்தோடு சுமார் 61,500 இருக்கைகள், லீகிலேயே சிறிய மைதானம். கூரையும் கிடையாது.

அந்த மைதானத்தின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் அரசாங்கம் இன்று தயங்குவதற்குக் காரணம் அதுதான். 1924இல் திறந்தது. பழைய தூண் வரிசையை வெளியே விட்டுவிட்டு, நடுவில் கண்ணாடியும் இரும்புமாகப் புதிதாக ஒன்றை இறக்கி 2003இல் மறுபடி திறந்தார்கள். பறக்கும் தட்டு வந்து இறங்கியிருக்கிறது என்று ஊரே கேலி பேசியது. தேசிய வரலாற்றுச் சின்னம் என்ற தகுதி 2006இல் பறிபோனது. அழகு போகட்டும். செலவில் பெரும்பங்கு பொதுக் கடன் பத்திரங்களிலிருந்து வந்தது. ஹோட்டல்களில் தங்குகிறவர்கள் கட்டும் வரியிலிருந்து அதை அடைப்பதாக ஏற்பாடு. அசலைத் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, இருபது வருடத்துக்குப் பிறகும் வட்டியோடு சேர்த்து 50 கோடி டாலருக்கு மேல் பாக்கி நிற்கிறது. ஹோட்டல் வரி துண்டு விழுகிற வருடங்களில் சிகாகோ நகர நிர்வாகம் தன் பங்கிலிருந்து ஈடுகட்டவேண்டும். ஒரு மைதானத்துக்கு வாங்கிய கடன் அடையுமுன் அடுத்த மைதானத்துக்குக் கை நீட்டினால் எந்தச் சட்டமன்ற உறுப்பினர் உற்சாகமாக ஓட்டுப் போடுவார்?

இனி நிலம். சிகாகோவின் புறநகரான ஆர்லிங்டன் ஹைட்ஸில் மூடப்பட்ட குதிரைப் பந்தய மைதானத்தை, 326 ஏக்கரை, 2023 பிப்ரவரியில் 19.7 கோடி டாலருக்கு பேர்ஸ் வாங்கியது. சொத்து வரி எவ்வளவு வரும் என்பதை வாங்கிய பிறகுதான் கணக்குப் போட்டார்கள்போலும். இல்லினாயில் சொத்து வரியின் பெரும்பகுதி உள்ளூர்ப் பள்ளிகளுக்குப் போகிறது, உங்களுக்கு அந்தத் தாளைப் பார்த்து மயக்கம் வந்த அனுபவம் இருக்கும். பள்ளி மாவட்டங்கள் விட்டுக்கொடுக்க மறுத்தன. உடனே அணி ஏரிக்கரைக்குத் திரும்பியது. 2024 ஏப்ரலில், சோல்ஜர் ஃபீல்டுக்குப் பக்கத்திலேயே மூடிய ஸ்டேடியம், மொத்தம் 470 கோடி டாலர், அதில் 200 கோடிக்குச் சற்று மேல் எங்களுடையது என்று படம் போட்டுக் காட்டினார்கள். மேயர் பிராண்டன் ஜான்சன் கைதட்டினார். ஆளுநர் பிரிட்ஸ்கர் தட்டவில்லை. 2025இல் மறுபடி ஆர்லிங்டன் ஹைட்ஸ்.

இப்போது அவர்கள் கேட்பது இரண்டு. ஒன்று, சாலை, சாக்கடை, ரயில் நிலையம் போன்றவற்றுக்கு அரசாங்கப் பணம். இரண்டு, வருடாவருடம் மதிப்பீடு செய்து வரி போடாமல், பல வருடங்களுக்கு ஒரே தொகையை உள்ளூர் அமைப்புகளோடு பேசி முடித்துக்கொள்ள அனுமதிக்கும் சட்டம். என்னைக் கேட்டால் உண்மையான சண்டை இரண்டாவதில்தான். மாநிலத் தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டில் சட்டமன்றம் 2025 முழுக்க அதை நிறைவேற்றவில்லை. டிசம்பரில் அணித் தலைவர் கெவின் வாரன் ரசிகர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்: இல்லினாயில் எங்களுக்கு முன்னுரிமை இல்லை, ஆகவே வடமேற்கு இண்டியானாவையும் பார்க்கிறோம் என்று. முகவரியில் ரசிகர்கள் இருந்தாலும் கடிதம் போய்ச்சேரவேண்டிய இடம் ஸ்பிரிங்ஃபீல்ட்.

இந்த மிரட்டல் புதிதும் இல்லை. 1975இலேயே நிறுவனர் ஜார்ஜ் ஹாலஸ் இதே ஆர்லிங்டன் ஹைட்ஸுக்குப் போகப் பார்த்தார். அப்போதைய மேயர் ரிச்சர்ட் டேலி, போனால் சிகாகோ என்ற பெயரை விட்டுவிட்டுப் போ என்று உறுமினார். அதோடு அடங்கிற்று. 1995இல் இண்டியானாவின் கேரி நகரம். அதற்கான வரியை அந்த மாவட்டக் கவுன்சிலே நிராகரித்துவிட்டது.

இந்த முறையும் அப்படியே அடங்கும் என்று நான் அடித்துச் சொல்லத் தயங்குவதற்கு ஒரு காரணம் உண்டு. வாரனின் கடிதம் வந்த சில நாட்களிலேயே கேன்சஸ் சிட்டி சீஃப்ஸ், மிசௌரியை விட்டு எல்லைக்கு அந்தப் பக்கம் கேன்சஸ் மாநிலத்துக்கு 2031 சீசனிலிருந்து போவதாக அறிவித்தது. அங்கேயும் பல வருடம் எல்லாரும் சும்மா பயம் காட்டுகிறார்கள் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இரண்டு மாநிலங்கள் ஒரு அணிக்காக ஏலம் எடுக்கும்போது, ஏலம் போடுகிறவர்களுக்கே எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் போகிறது. என்னைப் பந்தயம் கட்டச் சொன்னால் ஆர்லிங்டன் ஹைட்ஸ் பக்கம்தான் கட்டுவேன், கையில் நிலம் இருக்கிறது என்பதற்காக. பெரிய தொகை கட்டமாட்டேன். இல்லினாய் கொடுக்கவேண்டுமா என்றால், சாலையும் ரயில் நிலையமும் சரி, அவை அணி போனாலும் ஊருக்கு மிஞ்சும். பள்ளிக்கூட வரியில் கை வைப்பதற்கு நான் சம்மதிக்கமாட்டேன்.

அடுத்த சீசனைப் பற்றி மகன் என்னோடு சண்டைக்கு வரக்கூடும். பென் ஜான்சன் கோச்சாக வந்த முதல் வருடத்திலேயே, முதல் இரண்டு ஆட்டங்களைத் தோற்று, மொத்தத்தில் 11 வெற்றி, 6 தோல்வி என்று நான்கு அணிகள் கொண்ட தன் பிரிவை வென்றது பெரிய காரியம். க்ரீன் பேயிடம் பாதி நேரத்தில் 21-3 என்று பின்தங்கி, 31-27 என்று முடித்தது அதைவிட. ராம்ஸுக்கு எதிராக, பின்னாலேயே ஓடிக்கொண்டு குவாட்டர்பேக் (பந்தை எறியும் ஆட்டக்காரர்) கேலப் வில்லியம்ஸ் வீசிய பந்தை கோல் கமெட் பிடித்து ஆட்டத்தைச் சமன் செய்தாரே, அதை எத்தனை முறை திரும்பப் பார்த்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் இந்த அணி பல ஆட்டங்களைக் கடைசி இரண்டு நிமிடத்தில் திருடியது. எதிராளியிடமிருந்து பந்தைப் பறித்ததிலும் லீகில் முதலிடம். இந்த இரண்டும் ஒரே அணிக்குத் தொடர்ந்து இரண்டு வருடம் கைகொடுப்பது அபூர்வம். பிரிவில் முதலில் வந்ததால் 17 ஆட்டங்களில் மூன்று, மற்ற பிரிவுகளில் முதலில் வந்த அணிகளோடு அமையும். ஆக, அணி உண்மையிலேயே முன்னேறி, வெற்றிக் கணக்கு மட்டும் ஒன்பது பத்துக்கு இறங்கினாலும் நான் ஆச்சரியப்படமாட்டேன்.

பார்க்கவேண்டியது வில்லியம்ஸின் துல்லியத்தை. இந்த சீசனில் 3,942 யார்ட் எறிந்து அணியின் சாதனையை முறித்தார், சரி. ஒரே சீசனில் 4,000 யார்டைத் தொட்ட குவாட்டர்பேக் இதுவரை இல்லாத ஒரே அணி பேர்ஸ்தான் என்பது வேறு கதை. எறிந்த பந்துகளில் 60 சதவீதம்கூடச் சேரவேண்டிய கைக்குச் சேரவில்லை. அது 65ஐத் தொட்டால் கடைசி நிமிட வித்தைக்கே தேவையிருக்காது.

சிகாகோ அணி என்று சொல்லலாமா என்று கேட்டீர்கள். நியூயார்க்கின் இரண்டு அணிகளும் பல பத்தாண்டுகளாக ஆடுவது நியூ ஜெர்சியில். யாரும் பெயரை மாற்றச் சொல்லவில்லை. வடமேற்கு இண்டியானாவின் ஹாமண்ட் நகரம் சிகாகோ எல்லையை ஒட்டியே இருக்கிறது. சோல்ஜர் ஃபீல்டிலிருந்து பார்த்தால் ஆர்லிங்டன் ஹைட்ஸைவிட அருகில். இன்னொன்று, பேர்ஸே சிகாகோவில் பிறந்த அணி அல்ல. 1919இல் இல்லினாயின் டிகேட்டர் நகரத்தில் ஒரு ஸ்டார்ச் கம்பெனியின் அணியாக ஸ்டேலிஸ் என்ற பெயரில் தொடங்கியது. நடத்தக் கட்டுப்படியாகாமல் 1921இல் ஹாலஸ் கையில் கொடுத்து, ஒரு வருடம் எங்கள் பெயரில் ஆடு என்று 5,000 டாலரும் கொடுத்து சிகாகோவுக்கு அனுப்பிவைத்தார் முதலாளி ஸ்டேலி. பேர்ஸ் என்ற பெயர் 1922இல்தான் வந்தது. டிகேட்டர்காரர்கள் அன்று என்ன நினைத்தார்கள் என்று மகனை யோசித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இன்றும் அணி ஹாலஸின் வாரிசுகள் கையில்தான் இருக்கிறது. அவர் மகள் வர்ஜீனியா மெக்கேஸ்கி 2025 பிப்ரவரியில் 102 வயதில் இறக்கும்வரை அவர்தான் உரிமையாளர்.

உடனே பெட்டி கட்டிவிடுவார்கள் என்ற பயம் மட்டும் வேண்டாம். சோல்ஜர் ஃபீல்ட் குத்தகை 2033வரை இருக்கிறது. நாளைக்கே கையெழுத்துப் போட்டாலும் ஸ்டேடியம் கட்ட மூன்று வருடமாவது பிடிக்கும். வரும் சீசனும் அதற்கடுத்ததும் அங்கேதான். செப்டம்பரில் ஒரு ஆட்டத்துக்கு மகனை அழைத்துப்போங்கள். டிசம்பர் டிக்கெட் மலிவாகக் கிடைத்தது என்று ஏமாந்து வாங்கிவிடாதீர்கள், ஏரிக்காற்றில் நான்காவது குவார்ட்டர்வரை தாங்கமாட்டீர்கள்.