சிங்கப்பூரிலிருந்து வந்த கிரைண்டரின் பிளக்கை வெட்டிவிட்டு நம்ம ஊர் பிளக் மாட்டலாமா?

மாட்டலாம். சிங்கப்பூர்ச் சாமானுக்கு அவ்வளவு பயம் வேண்டாம். ஆனால் கட்டிங் பிளேயரைக் கையில் எடுப்பதற்கு முன்னால் மெஷினைத் திருப்பி, வயிற்றில் ஒட்டியிருக்கும் தகட்டை ஒரு தடவை படித்துவிடுங்கள்.

மாமா கொண்டுவந்து தந்த 720 வாட் ஆங்கிள் கிரைண்டர், மூன்று பட்டைப் பின் வைத்த பெரிய பிளக், வீட்டுப் பாயிண்ட்டில் நுழையவில்லை, வெட்டினால் உள்ளே இரண்டு ஒயர்தான் இருக்கும் என்று எலெக்ட்ரீஷியன் சொல்கிறார், எர்த் இல்லாமல் ஓட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பதினோரு வருஷம் ஷார்ஜாவில் பில்டிங் மெயின்டெனன்ஸில் இருந்துவிட்டு வந்து, இப்போது பட்டுக்கோட்டைப் பக்கம் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் வெளியூரில் இருப்பதால் இந்தக் கேள்வி என் மேஜைக்கு மாதம் இரண்டு தடவையாவது வரும். பிளக் மாட்டித் தரச் சொல்லி வருகிறவர்கள் குறைவு. தாங்களே மாட்டி, ஓட்டி, புகை வந்த பிறகு வருகிறவர்கள்தான் அதிகம்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்யதை கிடையாது. சில வருஷம் முன்னால் அக்கா மகன் நியூஜெர்சியிலிருந்து எனக்காக ஒரு ரூட்டர் வாங்கி வந்தான். மரத்தில் பள்ளம் எடுக்கிற, ஓரத்துக்கு டிசைன் போடுகிற மெஷின். நம் ஊர்த் தச்சர்கள் கையில் பார்த்த அதே நிறம், அதே உருவம். இரண்டு தட்டைப் பின். என் கடை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் எந்த ஊர்ப் பின்னையும் விழுங்குகிற பாயிண்ட் ஒன்று இருந்தது. சொருகினேன், சுவிட்சைத் தட்டினேன். ரூட்டர் ஓடுகிற சத்தம் எனக்குத் தெரியும். இது ஊளையிட்டது. காற்றுத் துளை வழியாகப் பார்த்தால் உள்ளே நீல நெருப்பு வளையமாகச் சுற்றுகிறது. விரலை எடுப்பதற்குள் வார்னிஷ் கருகுகிற வாடை. மொத்தம் மூன்று செகண்ட் இருக்கலாம். அந்த வாடையை வைத்துச் சோறு தின்கிறவன் நான். ஆர்மேச்சர் (மோட்டாருக்குள் சுற்றுகிற, காயில் கட்டிய பாகம்) போய்விட்டது என்று பார்க்காமலே தெரிந்துவிட்டது. அப்புறம் தகட்டைப் பார்த்தால், 120 வோல்ட் என்று பளிச்சென்று போட்டிருக்கிறான். “என்ன மாமா, புதுசுல இப்படித்தான் புகையுமா?” என்றான் பையன். என்ன பதில் சொல்வது?

அன்றைக்கு அந்தப் பாயிண்ட் நம் சாதாரண உருண்டை ஓட்டை பாயிண்ட்டாக இருந்திருந்தால் தட்டைப் பின் நுழைந்தே இருக்காது. ஏன் நுழையவில்லை என்று யோசித்திருப்பேன், தகட்டைப் பார்த்திருப்பேன். உங்கள் கிரைண்டர் பிளக் நுழையாததை ஒரு தொந்தரவாகப் பார்க்கிறீர்கள். எனக்கு நுழைகிற பிளக்கைக் கண்டால்தான் வயிற்றைக் கலக்கும். நுழையாத பிளக் வாசலில் நிற்கிற வாட்ச்மேன் மாதிரி. அவரை அனுப்பிவிட்டால் அவர் பார்த்த வேலையை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

முதல் வேலை வோல்ட். நமக்கு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். சிங்கப்பூர், மலேசியா, துபாய், கத்தார், ஐரோப்பா எல்லாம் ஏறக்குறைய இதேதான். தகட்டில் 220-240 என்று இருந்தால் பிளக் மட்டும்தான் வித்தியாசம். அமெரிக்கச் சாமான் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஜப்பானில் வீட்டுக் கரண்ட் 100 வோல்ட். சவுதி கொஞ்சம் குழப்பம்: அங்கே 60 ஹெர்ட்ஸ், முன்பு வீடுகளில் 127 வோல்ட்டும் ஓடியது, அதனால் பழைய சவுதிச் சாமானை நம்பவே கூடாது, தகடுதான் சாட்சி. லண்டனிலிருந்து மஞ்சள் நிற உருண்டை பிளக்கோடு ஒரு மெஷின் வந்தால் அதுவும் 110 வோல்ட்தான். அங்கே கட்டட வேலை நடக்கிற இடங்களில் டிரான்ஸ்பார்மர் வைத்து 110-ஆகக் குறைத்து, அதன் நடுப்புள்ளியை எர்த் செய்துவிடுவார்கள். எந்த ஒயரைத் தொட்டாலும் தரைக்கு 55 வோல்ட்டுக்கு மேல் வராது. நல்ல யோசனை. அந்த மெஷினுக்கு நம் பிளக்கை மாட்டினால் என் ரூட்டர் கதைதான்.

120 வோல்ட் மெஷின்தான் கையில் இருக்கிறது என்றால் பிளக்கைத் தொடாதீர்கள், அதை அப்படியே விட்டு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வாங்குங்கள். 700 வாட் கிரைண்டருக்கு 1000 வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர்) போதும் என்பார்கள், ஸ்டார்ட்டிங்கில் இழுக்கிற இழுப்புக்கு 1500 இருந்தால் நிம்மதி. நல்ல கனம் இருக்கும், தூக்கிக்கொண்டு சாரத்தில் ஏற முடியாது. உள்ளங்கை அளவில் ‘டிராவல் கன்வெர்ட்டர்’ என்று விற்பதெல்லாம் இந்த வேலைக்கு ஆகாது. ஹெர்ட்ஸைப் பற்றிப் பலர் கவலைப்படுகிறார்கள். கிரைண்டர், டிரில், ரூட்டர் மாதிரி கார்பன் வைத்த மோட்டாருக்கு 50-ம் 60-ம் ஒன்றுதான். மேஜைக் கிரைண்டர், கம்ப்ரஸர் மாதிரி கார்பன் இல்லாத இன்டக்‌ஷன் மோட்டார் என்றால் 60-க்குச் செய்தது இங்கே ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து, கூடவே சூடும் ஆகும்.

இப்போது உங்கள் எர்த் கேள்வி. தகட்டில் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சின்னச் சதுரம் போட்ட குறி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது டபுள் இன்சுலேஷன் மெஷின். கரண்ட் ஓடும் பாகத்துக்கும் உங்கள் கைக்கும் நடுவே இரண்டு அடுக்குக் காப்பு வைத்துச் செய்தது, எர்த் கேட்காது. பாயிண்ட்டின் மூடியைத் திறக்க ஒரு நீளப் பின் வேண்டும் என்பதற்காக, சில சிங்கப்பூர் பிளக்குகளில் அந்த எர்த் பின்னைப் பிளாஸ்டிக்கிலேயே செய்திருப்பார்கள். உங்களுடையதைத் தட்டிப் பாருங்கள். எலெக்ட்ரீஷியன் “எதுக்கும் இருக்கட்டும்” என்று தலைப்பக்கத்து இரும்பிலிருந்து தனியாக ஒரு எர்த் ஒயர் இழுக்கப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

சதுரக் குறி இல்லாமல், வெட்டினால் பச்சையும் மஞ்சளும் கலந்த மூன்றாவது ஒயர் வந்தால் கதை தலைகீழ். அதை மடக்கி டேப் சுற்றி விடுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறதே, அதைத்தான் என் கடையில் திட்டித் தீர்க்கிறேன். மெஷின் அது இல்லாமலும் ஓடும். காயில் ஒரு நாள் பாடியைத் தொடும்போது அது இருந்தால் ஃபியூஸ் போகும், இல்லாவிட்டால் ஆள் போவார். ஜெர்மன் மெஷின்களில் இந்தக் கண்ணி தானாகவே இருக்கிறது. அவர்கள் பிளக்கின் உருண்டைப் பின்களுக்கு நடுவே 19 மில்லிமீட்டர் இடைவெளி, நம் 6 ஆம்பியர் பாயிண்ட்டிலும் அதே 19. பின் நம்முடையதைவிட ஒரு இழை மெல்லிசு. அதனால் எர்த் ஓட்டையில் ஸ்குரூடிரைவரை விட்டு மூடியைத் திறந்து சொருகிவிடுகிறார்கள், மெஷினும் ஓடுகிறது. ஆனால் அந்தப் பிளக்கின் எர்த் பின்னில் இல்லை, பக்கவாட்டில் தகடாக இருக்கிறது. நம் பாயிண்ட்டில் அது எதையும் தொடுவதில்லை. லூஸாக நிற்கிற பின் வேறு தீப்பொறி விடும். இப்படி ‘அழகாகப் பொருந்துகிற’ பிளக்கைத்தான் உடனே வெட்டி மாற்ற வேண்டும்.

இன்னொரு வேலையையும் உங்கள் சிங்கப்பூர் பிளக் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தது. பின்கள் நீட்டியிருக்கிற பக்கத்தைப் பாருங்கள், சின்னதாக ஒரு ஃபியூஸ் இருக்கும்: சிவப்பு என்றால் 3 ஆம்பியர், பழுப்பு என்றால் 13. இது ஆங்கிலேயர்கள் 1947-ல் கொண்டுவந்த பிளக். ஒரே வளையமாக வீடு முழுக்கச் சுற்றுகிற பெரிய லைனில் பாயிண்ட் வைப்பதால், மெல்லிய கார்டை (மெஷினிலிருந்து வரும் ஒயரை)க் காப்பாற்றப் பிளக்குக்குள்ளேயே ஃபியூஸ் வைத்தார்கள். நம் பிளக்கில் அது கிடையாது. போர்டில் தானாக விழுகிற சுவிட்ச்சான எம்.சி.பி.தான் கதி. உங்கள் 720 வாட்டுக்கு மூன்று ஆம்பியர் சொச்சம்தான் வரும். 6 ஆம்பியர் பிளக் தாராளம். மெல்லிய கார்டை 20 ஆம்பியர் எம்.சி.பி. போட்ட பவர் பாயிண்ட்டில் கொடுக்காமல் சின்ன பாயிண்ட்டிலேயே ஓட்டுங்கள். ஒன்றரை, இரண்டு குதிரை மெஷின் என்றால்தான் 16 ஆம்பியர் டாப் (பிளக்கைத்தான் சொல்கிறேன்). வீட்டில் கரண்ட் கசிந்தால் லைனை வெட்டுகிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் கிரைண்டர் வாங்கிய கையோடு அதையும் போட்டுவிடுங்கள்.

மாட்டுகிற விஷயம் பத்து நிமிடம்தான். இரண்டு ஒயராக இருந்தாலும் டூ பின் வாங்காதீர்கள், நல்ல கனமான த்ரீ பின் டாப் வாங்கி எர்த்தைக் காலியாக விடுங்கள். மூடி வைத்த பாயிண்ட்டைத் திறக்க அந்த மூன்றாவது பின் வேண்டும், பிடிப்பும் நிற்கும். பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல். டாப்பைத் திறந்து, எர்த் மேலே இருக்க, பின்கள் உங்களுக்கு எதிர்ப்பக்கம் நீட்டியிருக்கும்படி பிடித்தால் வலது கைப்பக்கம் ஃபேஸ். ஒயரைச் சீவும்போது ஒரு இழைகூட அறுபடக் கூடாது. முறுக்கி, பின் லக்ஸ் (ஒயர் நுனியில் மாட்டுகிற சின்ன உலோக முனை) வைத்து நசுக்கித் திருகுங்கள். லக்ஸ் இல்லாவிட்டால் இரண்டாக மடித்துச் சொருகுங்கள். ஈயம் பற்றவைத்துவிட்டுத் திருகினால் பலமாக இருக்கும் என்று நினைப்பார்கள். ஈயம் திருகின் அழுத்தத்தில் நாளாவட்டத்தில் நசுங்கிக் கொடுக்கும், பிடி தளரும், டாப் பழுக்கும். கருகிப்போன டாப்பைத் திறந்தால் பாதி இந்தக் கேஸ்தான். மூன்று ஒயர் கார்டு என்றால் எர்த்தை மற்ற இரண்டையும்விட ஒரு விரற்கடை நீளமாக விடுங்கள். யாராவது காலில் இடறி இழுத்தால் அது கடைசியாகத்தான் பிடுங்கிக்கொள்ளும். கார்டைக் கவ்வுகிற கிளாம்ப் வெளி உறையின் மேல் இருக்க வேண்டும், உள் ஒயர் மேல் அல்ல. மூடியதும் மெஷினைத் தூக்கிப் பிடிக்கிற பலத்தோடு ஒரு இழு இழுத்துப் பாருங்கள்.

அமெரிக்கக் கார்டில் மட்டும் நிறம் வேறு. அங்கே கறுப்புதான் ஃபேஸ், வெள்ளை நியூட்ரல், பச்சை எர்த். நம் பழைய ஒயரிங்கில் சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல் என்று பழகிய கை கறுப்பைப் பார்த்ததும் நியூட்ரலில் கொடுத்துவிடும். மெஷின் ஓடும். ஆனால் சுவிட்ச் நியூட்ரலை வெட்டிக்கொண்டிருக்கும், ஆஃப் செய்த பிறகும் உள்ளே ஃபேஸ் காத்திருக்கும்.

நான் நேராக பாயிண்ட்டில் கொடுப்பதில்லை. கடையில் 100 வாட் குண்டு பல்ப் வழியாகவே மெஷினுக்குக் கரண்ட் போகும்படி செய்த சீரிஸ் போர்டு இருக்கிறது, முதலில் அதில் கொடுப்பேன். சுவிட்ச் ஆஃபில் பல்ப் எரிந்தால் தப்பு எங்கேயோ இருக்கிறது. ஆனில் பல்ப் எரிந்து மோட்டார் சோம்பலாகச் சுற்றப் பார்த்தால் சரி. உங்களிடம் அது இல்லாவிட்டால் மல்டிமீட்டரில், சுவிட்சை அழுத்திக்கொண்டு இரண்டு பின்னுக்கும் நடுவே பாருங்கள், சில ஓம் காட்ட வேண்டும். பின்னுக்கும் தலைப்பக்கத்து இரும்புக்கும் நடுவே ஒன்றும் காட்டக் கூடாது. வட்டைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

வட்டு என்றதும் ஞாபகம் வந்தது. சிங்கப்பூரிலிருந்து வந்தது பெரும்பாலும் 4 இன்ச்சாக இருக்கும், நம் கடைகளில் கிடைக்கிற 16 மில்லிமீட்டர் ஓட்டை வட்டு அதற்குப் பொருந்தும். இதுவே ஐரோப்பாவிலிருந்து வந்த 115, 125 மில்லிமீட்டர் மெஷின் என்றால் நடு ஓட்டை 22 சொச்சம். வட்டின் ஓட்டையைக் குடைந்து பெரிதாக்குகிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வாரண்ட்டி இன்னும் ஓடுகிறது என்றால் பிளக்கை இப்போது வெட்ட வேண்டாம். கனமான கன்வெர்ஷன் பிளக் ஒன்று வாங்கி அதுவரை ஓட்டுங்கள்.

அப்புறம், வெட்டிப் போட்ட அந்த சிங்கப்பூர் பிளக். அரை அடி ஒயரோடு தொங்கிக்கொண்டு மேஜை டிராயரில் கிடக்கும், பின்னால் உதவும் என்று எடுத்து வைப்போம். எங்கள் வீட்டில் எல்லாப் பின்னும் நுழைகிற எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இன்னும் இரண்டு இருக்கின்றன, பேரன்பேத்திகள் வந்து போகிறார்கள். அதனால் ஃபியூஸை மட்டும் எடுத்துக்கொண்டு, பின்களைச் சுத்தியலால் வளைத்து, ஒயரை அடியோடு நறுக்கிய பிறகுதான் குப்பையில் போடுவேன்.