சிலபஸில் என்ன இருக்கிறது? கல்லூரி அமெரிக்க வரலாற்று வகுப்பு பற்றிய கேள்வி பதில்

டெக்சாஸ் மாநிலத்தில் அரசு சமுதாயக் கல்லூரி ஒன்றில் அமெரிக்க வரலாறு கற்பித்து வருகிறேன். இம்மாநிலத்தில் படிக்கும் தமிழ் மாணவர்களும் அவர்களின் பெற்றோரும் புதிய செமஸ்டருக்கு முன் கேட்டனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் அளிக்கிறேன். கூட்டரசுச் சட்டங்களும் மாநிலச் சட்டங்களும் இங்குள்ள எல்லா அரசுக் கல்லூரிகளுக்கும் பொதுவானவை. தாமதத்திற்கான மதிப்பெண் குறைப்பு, மறுதேர்வு, வருகைப்பதிவு போன்றவை ஆசிரியருக்கு ஆசிரியர் மாறுபடும். ஆகவே பதில்களை உங்கள் வகுப்பின் சிலபஸோடு, அதாவது பாடத் திட்டமும் வகுப்பு விதிகளும் அடங்கிய ஆசிரியரின் ஆவணத்தோடு, சேர்த்துப் படிக்க வேண்டுகிறேன்.

கேள்வி: நான் கணினி அறிவியல் படிக்க வந்தவன். அமெரிக்க வரலாற்றில் இரண்டு பாடங்கள் எதற்காகக் கட்டாயம்? அவற்றைத் தவிர்க்க வழி உண்டா?

பதில்: டெக்சாஸின் அரசுக் கல்லூரியில் இளங்கலைப் பட்டம் பெற விரும்பும் எவரும், எந்தத் துறையினராயினும், அமெரிக்க வரலாற்றில் 6 கிரெடிட் (பாடத்தின் அளவைக் குறிக்கும் அலகு) முடித்திருக்க வேண்டும் என்று மாநிலக் கல்விச் சட்டம் கூறுகிறது. அதில் 3 கிரெடிட் வரை டெக்சாஸ் மாநில வரலாற்றைக் கொண்டும் நிறைவு செய்யலாம். பெரும்பாலானோர் எடுப்பவை ஹிஸ்டரி 1301, 1302 ஆகிய இரண்டு பாடங்கள். முதலாவது 1877 வரையும் இரண்டாவது அதற்குப் பிறகும் செல்கின்றன. உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய மறுசீரமைப்புக் காலம், தென் மாநில அரசுகளுக்குத் துணையாக நின்ற கூட்டரசுப் படைகள் அந்த ஆண்டில் விலக்கிக்கொள்ளப்பட்டதோடு முடிவுக்கு வந்ததால் பாடம் அங்கே பிரிகிறது.

உயர்நிலைப் பள்ளியில் ஏ.பி. (கல்லூரி நிலைப் பாடம்) அமெரிக்க வரலாற்றுத் தேர்வு எழுதி 3 அல்லது அதற்கு மேல் பெற்றிருந்தால் பல கல்லூரிகள் கிரெடிட் தருகின்றன. சில இடங்களில் அதைவிட உயர்ந்த மதிப்பெண் கேட்பார்கள். வகுப்பில் சேராமலே தேர்வு எழுதிக் கிரெடிட் பெற உதவும் கிளெப் தேர்விலும் இவ்விரு பாடங்களுக்கு இணையான தனித்தனித் தேர்வுகள் உள்ளன. மதிப்பெண் கல்லூரிக்கு வந்து சேர்ந்த பிறகும், அதைக் கிரெடிட்டாகப் பதிவு செய்யுமாறு மாணவரே கேட்டாக வேண்டிய கல்லூரிகள் இருப்பதால், ஆலோசகரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஆனாலும் தவிர்ப்பதைவிடப் படிப்பதே நல்லது என்பது என் எண்ணம். இந்தியர்கள் குடியுரிமை பெறத் தகுதியற்றவர்கள் என்று 1923இல் பகத் சிங் திந்த் என்ற இந்தியக் குடியேறியின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1946இல் அந்தத் தடை நீங்கியபோதும் இந்தியாவுக்கு ஆண்டுக்கு 100 பேர் என்ற ஒதுக்கீடுதான் கிடைத்தது. 1965ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம்தான் நாடுவாரியான அந்தப் பழைய ஒதுக்கீட்டு முறையை ஒழித்தது. உங்கள் குடும்பம் இங்கே வர முடிந்ததன் பின்னணி இரண்டாவது பாடத்தில் இருக்கிறது.

கேள்வி: என் மகள் முதல் தேர்வில் மிகக் குறைந்த மதிப்பெண் பெற்றிருக்கிறாள் என்று தெரிகிறது. கட்டணம் செலுத்துவது நான். பேராசிரியருக்கு இரண்டு முறை மின்னஞ்சல் அனுப்பியும் அவர் எதுவும் சொல்ல மறுக்கிறார். இது முறையா?

பதில்: உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. அவர் சட்டப்படி நடந்துகொள்கிறார் என்பதையும் சொல்ல வேண்டும். ஃபெர்பா என்று சுருக்கமாக வழங்கும் 1974ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டத்தின்படி, மாணவர் கல்லூரியில் சேர்ந்தவுடன் அவருடைய கல்விப் பதிவுகளின் மீதான உரிமை பெற்றோரிடமிருந்து மாணவருக்கு மாறிவிடுகிறது. கட்டணத்தை யார் செலுத்துகிறார் என்பது இதில் கணக்கில்லை. பள்ளியில் இருந்தபடியே டூயல் கிரெடிட் முறையில் கல்லூரிப் பாடம் படிக்கும் 16 வயது மாணவருக்கும், அந்தக் கல்லூரிப் பதிவைப் பொறுத்தவரை இதே நிலைதான்.

வழிகள் இரண்டு உள்ளன. உங்கள் மகள் பதிவாளர் அலுவலகத்தில் எழுத்துபூர்வமாக ஒப்புதல் அளிக்கலாம். வருமான வரிக் கணக்கில் மகளை உங்களைச் சார்ந்தவராகக் காட்டியிருந்தால், ஒப்புதல் இல்லாமலே கல்லூரி உங்களுக்குத் தகவல் தரச் சட்டம் இடமளிக்கிறது. தந்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. ஒப்புதல் படிவம் இருந்தாலும் பேராசிரியர் மாணவியிடம் பேசவே விரும்புவார். மகளிடம் மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்பதற்கு முன், திருத்திய தாளை எடுத்துக்கொண்டு ஆசிரியரின் அலுவலக நேரத்தில் போய்ப் பார்த்தாளா என்று கேளுங்கள். ஆசிரியர் அந்த நேரத்தில் அறையைத் திறந்துவைத்து மாணவர்களுக்காகவே காத்திருக்கிறார் என்பது முதலாண்டு மாணவர் பலருக்குத் தெரிவதில்லை. தொந்தரவு செய்யக் கூடாது என்று எண்ணித் தயங்குகிறார்கள்.

கேள்வி: தீபாவளியன்று செமஸ்டர் நடுவிலான தேர்வு வருகிறது. விடுப்புக் கேட்டால் மதிப்பெண் போய்விடுமா?

பதில்: போகாது. சமயப் புனித நாளை அனுசரிப்பதற்காக, அதற்கான பயணம் உட்பட, வகுப்புக்கு வராமல் இருக்கும் மாணவருக்கு அரசுக் கல்லூரி விலக்கு அளிக்க வேண்டும் என்றும், தவறிய தேர்வை நியாயமான கால அவகாசத்திற்குள் எழுத அனுமதிக்க வேண்டும் என்றும் டெக்சாஸ் சட்டம் சொல்கிறது. செமஸ்டரின் முதல் வாரத்திலேயே தேர்வு அட்டவணையைப் பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டு, மின்னஞ்சலில் தெரிவித்துவிடுங்கள். முந்தைய நாள் இரவு சொன்னாலும் உரிமை இருக்கலாம்; முன்கூட்டிச் சொன்னால் மாற்றுத் தேர்வுக்கான நாளைச் சிக்கலின்றிக் குறித்துக்கொள்ள முடியும்.

கேள்வி: என் மகனுக்கு டிஸ்லெக்ஸியா என்ற வாசிப்புக் குறைபாடு. பள்ளியில் அவனுக்கென்று தனிக் கல்வித் திட்டம் இருந்தது. வரலாற்று வகுப்பில் வாரத்திற்கு ஒரு நீண்ட அத்தியாயமும் மூல ஆவணங்களும் படிக்க வேண்டியிருக்கிறது. கல்லூரியில் யாரும் அவனைப் பற்றிக் கேட்கவே இல்லையே?

பதில்: பள்ளிக்கும் கல்லூரிக்கும் உள்ள மிகப் பெரிய வேறுபாடு இதுதான். பள்ளியில் குறைபாட்டைக் கண்டறிந்து திட்டம் வகுக்கும் கடமை பள்ளியுடையது. அந்தத் திட்டம் உயர்நிலைப் பள்ளியோடு முடிந்துவிடுகிறது. கல்லூரிக்குத் தானாக வந்து சேராது. கல்லூரியில் 1973ஆம் ஆண்டு மறுவாழ்வுச் சட்டத்தின் 504ஆம் பிரிவும் 1990ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டமும் அவனுக்குப் பாதுகாப்பு அளிக்கின்றன; ஆனால் உதவி வேண்டும் என்று மாணவன் தானே முன்வந்து கேட்க வேண்டும்.

முதலில் அவன் செல்ல வேண்டியது ஆசிரியரிடம் அல்ல, மாற்றுத்திறன் சேவை அலுவலகத்திற்கு. மருத்துவ அல்லது உளவியல் மதிப்பீட்டு அறிக்கையைப் பார்த்து அவர்கள் ஒரு கடிதம் தருவார்கள். அந்தக் கடிதத்தில் நோயின் பெயர் இருக்காது. என்ன வசதி செய்து தர வேண்டும் என்பது மட்டுமே இருக்கும். உதாரணமாக, ஒன்றரை மடங்கு நேரம் என்று கடிதத்தில் இருந்தால், 75 நிமிடத் தேர்வை அவன் தேர்வு மையத்தின் அமைதியான அறையில் ஏறக்குறைய 112 நிமிடம் எழுதுவான். பாடநூலை ஒலி வடிவில் பெறுவது, குறிப்பெடுக்க உதவி ஆகியவையும் உண்டு. வரலாற்றுப் பாடத்தில் கூடுதல் நேரத்தைவிட ஒலி வடிவமே அதிகம் பயன்படுவதை என் வகுப்புகளில் பார்த்திருக்கிறேன். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: கடிதம் ஆசிரியர் கைக்கு வந்த நாளிலிருந்துதான் அது செல்லும். ஏற்கெனவே எழுதி முடித்த தேர்வுக்குப் பின்னோக்கிப் பொருந்தாது.

கேள்வி: கட்டுரையைத் தமிழில் யோசித்து எழுதி, மொழிபெயர்ப்புச் செயலி மூலம் ஆங்கிலமாக்கிக் கொடுத்தேன். செயற்கை நுண்ணறிவு எழுதியது என்று மென்பொருள் காட்டுவதாக ஆசிரியர் சொல்கிறார். நான் என்ன செய்வது?

பதில்: சந்திப்புக்கு உடனே நேரம் கேளுங்கள், மௌனமாக இருந்துவிடாதீர்கள். தமிழ் வரைவையும், படித்தபோது எடுத்த குறிப்புகளையும், கூகுள் டாக்ஸில் எழுதியிருந்தால் அதன் பதிப்பு வரலாற்றையும் கொண்டுசெல்லுங்கள். கண்டறியும் மென்பொருள் தவறாகவும் காட்டக்கூடும் என்பதால், அதன் முடிவை மட்டும் வைத்து ஒரு மாணவரைத் தண்டிப்பது நியாயமன்று என்பதே என் உறுதியான கருத்து. அதே சமயம் உங்கள் சிலபஸ் மொழிபெயர்ப்புச் செயலியையும் தடை செய்திருக்கிறதா என்று பாருங்கள். தடை இருந்தால் நல்லெண்ணம் மட்டும் போதாது. குற்றச்சாட்டு முறையாகப் பதிவானால், அதை எழுத்தில் பெறவும், உங்கள் தரப்பைச் சொல்லவும், மேல்முறையீடு செய்யவும் கல்லூரி விதிகள் வழி வைத்திருக்கும்.

இனி எழுதும்போது மூல ஆவணத்தோடு நெருங்கி எழுதுங்கள். அடிமையாகப் பிறந்து தப்பி வந்து அடிமைமுறைக்கு எதிராகப் போராடிய ஃபிரெடரிக் டக்ளஸ் 1852 ஜூலை 5 அன்று ரோச்செஸ்டர் நகரில் ஆற்றிய சுதந்திர நாள் உரை என் வகுப்பில் வழக்கமாக வரும் பாடம். ‘டக்ளஸ் அடிமைமுறையைக் கண்டித்தார்’ என்று எந்தச் செயலியும் எழுதிவிடும். உரையை உண்மையில் படித்தவர் வேறு சிலவற்றைக் கவனிப்பார். சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களின் துணிவை அவர் முதலில் மனமாரப் பாராட்டுகிறார். அதற்குப் பிறகே, அடிமைக்கு இந்த நாள் எதைக் குறிக்கிறது என்று கேட்கிறார். தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக் கொடுக்கச் சொன்ன 1850ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருச்சபைகள் எதிர்க்கவில்லை என்பதே அவருடைய கடுமையான குற்றச்சாட்டுகளில் ஒன்று. அந்தப் பாராட்டு ஏன் முதலில் வருகிறது என்பதற்கு உங்கள் சொந்த விடையை, ஆங்கிலம் சற்றுத் தடுமாறினாலும், பத்தி எண்ணோடும் அடிக்குறிப்போடும் எழுதினால், அது யார் எழுதியது என்ற கேள்வியே எழாது. ஆங்கிலத்தைச் செம்மைப்படுத்தக் கல்லூரியின் எழுத்து மையம் கட்டணமின்றி உதவும்.

கேள்வி: பாடநூல் வாங்கியே ஆக வேண்டுமா?

பதில்: பல வகுப்புகளில் ஓபன்ஸ்டாக்ஸ் வெளியிடும் இலவச இணையப் பாடநூலே போதுமானது. விலையுள்ள நூல் என்றால் நூலகத்தில் மாணவர் பொதுப் பயன்பாட்டுக்கென ஒதுக்கிய அடுக்கில் ஒரு பிரதி இருக்கிறதா என்று கேளுங்கள். முதல் வகுப்புக்கு முன் எதையும் வாங்காதீர்கள்.

கேள்வி: கோடை இணைய வகுப்பை எடுத்துக்கொண்டு சென்னைக்கு வந்திருக்கிறேன். இரவு 11:59க்குள் சமர்ப்பிக்க வேண்டும் என்பது எந்த ஊர் நேரம்?

பதில்: கல்லூரியின் நேரம். கோடையில் டெக்சாஸின் பெரும்பகுதியில் இரவு 11:59 என்றால் சென்னையில் மறுநாள் காலை 10:29. கல்லூரியின் இணைய வகுப்புத் தளமான கேன்வாஸ் பதிவு செய்யும் நேரமே இறுதியானது.

கேள்வி: நான் எஃப்-1 (மாணவர் விசா) மாணவி. 12 கிரெடிட் எடுத்திருக்கிறேன். வரலாற்றில் தோற்றுவிடுவேன் போலிருக்கிறது. பாடத்தை விட்டுவிடலாமா?

பதில்: பன்னாட்டு மாணவர் அலுவலகத்தைப் பார்க்கும்வரை எதையும் அழுத்திவிடாதீர்கள். இளங்கலையில் எஃப்-1 மாணவர் செமஸ்டருக்குக் குறைந்தது 12 கிரெடிட் படிக்க வேண்டும். முன் அனுமதி இல்லாமல் 9க்கு இறங்கினால் விசா நிலையே பறிபோகக்கூடும். ஆனால் விதியில் இடமும் இருக்கிறது. ஆங்கிலத்தில் தொடக்கநிலைச் சிரமம், வாசிப்புச் சுமையில் தொடக்கநிலைச் சிரமம், அமெரிக்கக் கற்பித்தல் முறை பழக்கமில்லாமை போன்ற காரணங்களுக்காகக் குறைந்த சுமையை அந்த அலுவலகத்தின் அலுவலர் முன்கூட்டியே அனுமதிக்கலாம். குறைந்தது 6 கிரெடிட் எஞ்சியிருக்க வேண்டும்; ஒரு பட்டப்படிப்பு நிலையில் ஒருமுறைதான் கிடைக்கும். வரலாற்று வகுப்பின் வாசிப்புச் சுமை இந்தக் காரணத்திற்கு நன்கு பொருந்துவதால் தயங்காமல் கேளுங்கள்.

மற்ற மாணவர்களுக்கும் தேதி முக்கியம். முழு செமஸ்டரில் வகுப்புகள் நடக்கும் நாள்களில் 12ஆவது நாளுக்குள் விட்டால் மதிப்பெண் பட்டியலில் சுவடே இருக்காது. அதற்குப் பிறகு விட்டால், பாடத்தை விட்டதைக் குறிக்கும் டபிள்யூ விழும். அப்படி விடும் பாடங்கள், 2007 இலையுதிர் செமஸ்டரிலோ அதற்குப் பின்னரோ முதன்முறையாகச் சேர்ந்தவர்களுக்கு, டெக்சாஸ் அரசுக் கல்லூரிகள் அனைத்திலும் சேர்த்து 6க்கு மேல் போகக் கூடாது. நோய், குடும்பத்தில் மரணம், வேலைநேர மாற்றம் ஆகியவற்றுக்கு விலக்கு கேட்கலாம். கூட்டரசு நிதியுதவி பெறுவோர், எடுத்த கிரெடிட்டில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை முடித்தாக வேண்டும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

கேள்வி: இரவு வேலை, பகலில் வகுப்பு. அப்பாவுக்கு உடல்நிலை சரியில்லை. இறுதிக் கட்டுரை மட்டும் பாக்கி. மனம் முற்றிலும் சோர்ந்துவிட்டது.

பதில்: பெரும்பகுதி வேலையை முடித்த உங்களைப் போன்றவர்களுக்காகவே ‘இன்கம்ப்ளீட்’ என்ற, மதிப்பெண்ணைத் தற்காலிகமாகத் தள்ளிவைக்கும் ஏற்பாடு இருக்கிறது. ஆசிரியரிடம் இன்றே கேளுங்கள். எதை, எந்தத் தேதிக்குள் தர வேண்டும் என்று எழுதிக் கையெழுத்திட்ட பிறகு, அந்தத் தேதிவரை நீங்கள் நிம்மதியாக எழுதலாம். தேதி தவறினால் பொதுவாக அது எஃப் ஆக மாறும். அப்பாவின் நோய் விவரம் முழுவதையும் ஆசிரியரிடம் சொல்ல வேண்டியதில்லை. பல கல்லூரிகளில் மனநல ஆலோசனை கட்டணமின்றிக் கிடைக்கும். உணவு வங்கியும் அவசர நிதியும் உள்ள கல்லூரிகளும் உண்டு. கேட்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை. சோர்வு உயிரை வெறுக்கும் அளவுக்குப் போனால், எந்த நேரத்திலும் 988 என்ற எண்ணை அழையுங்கள்.

கேள்வி: இறுதி மதிப்பெண் 89.4. ஏ கொடுக்கச் சொல்லி முறையிடலாமா?

பதில்: ஒரு புள்ளிக்கும் குறைவாகவே தேவைப்பட்டது என்பதற்காக முறையீடு வெல்லாது. கூட்டலில் பிழை, சிலபஸில் சொன்ன விகிதத்திலிருந்து விலகல், மற்ற மாணவருக்கு ஒரு விதி உங்களுக்கு வேறு விதி என்ற பாகுபாடு ஆகிய மூன்றும்தான் பொதுவாக எடுபடும். முதலில் கேன்வாஸில் ஒவ்வொரு பிரிவுக்கும் உள்ள விகிதத்தைச் சிலபஸோடு சரிபாருங்கள். மிகக் குறைந்த வினாடிவினா மதிப்பெண்ணை நீக்குவதாகச் சிலபஸ் சொல்லியிருந்து, அது நீக்கப்படாமல் விட்டுப்போவது உண்டு. பிழை தெரிந்தால் முதலில் ஆசிரியருக்கும், பிறகு துறைத் தலைவருக்கும், அதன் பின் டீனுக்கும் எழுத்தில் அனுப்புங்கள். கால வரம்பு மாணவர் கையேட்டில் இருக்கும்.