செகிரோவில் கெனிச்சிரோவிடம் மாட்டிக்கொண்டவருக்கு

ஈசூன் நண்பரே, செகிரோ என்ற வீடியோ கேமில் வரும் பெரிய எதிரியான கெனிச்சிரோவை இரண்டு வாரமாகத் தாண்ட முடியவில்லை, கை மெதுவாகிவிட்டதோ என்று கேட்டிருந்தீர்கள். கையில் குறை இல்லை. 2019இல் வந்த இந்த கேமில் சுலபம், கடினம் என்று தேர்ந்தெடுக்க வழியே கிடையாது, அதோடு மற்ற கேம்களில் பழகிய விலகி ஓடும் பழக்கம்தான் இங்கே உங்களைக் கொல்கிறது, ஏனென்றால் நீங்கள் தள்ளிப்போனால் அவனுடைய போஸ்ச்சர் மீட்டர் (அவன் எவ்வளவு நிலைகுலைந்தான் என்று காட்டும் கோடு, நிரம்பினால் அவனை வீழ்த்தலாம்) இறங்கிவிடும். ஒட்டி நில்லுங்கள். வாள் படும் கணத்தில் தடுப்புப் பட்டனை ஒருமுறை அழுத்துங்கள், படபடவென்று அழுத்தினால் தடுக்கும் நேரம் சுருங்கிவிடும். அவன் உயிரையும் குறையுங்கள், அப்போது மீட்டர் மெதுவாகத்தான் இறங்கும். கடைசிக் கட்டத்தில் மின்னல் வரும்போது குதித்து, அந்தரத்தில் வாங்கி, தரையைத் தொடும் முன் வெட்டுங்கள், அது அவனுக்கே திரும்பும். அப்புறம், வரவேற்பறை டிவியில் ஆடுவதாகச் சொன்னீர்களே, பட்டனுக்கும் படத்துக்கும் உள்ள தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடு போட்டீர்களா? எனக்குப் பாதிப் பிரச்சினை அதுதான்.